சில நூறு சோதனை முடிவுகளைக் கொண்டு அடுத்த சேர்மத்தைத் தேர்ந்தெடுக்க இயந்திரக் கற்றலை நம்பலாமா?

கேள்வி (நுண்ணுயிரியல் ஆய்வு மாணவி)

வணக்கம். பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கும் சேர்மங்களைத் தேடும் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். சில நூறு சேர்மங்களுக்கான முடிவுகள் எங்களிடம் உள்ளன. அவற்றுள் வளர்ச்சியைத் தடுத்தவை மிகச் சிலவே. இன்னும் பல்லாயிரம் சேர்மங்கள் காத்திருப்பதால், எவற்றை முதலில் சோதிப்பது என்பதை இயந்திரக் கற்றல் மாதிரி ஒன்றின் துணையோடு முடிவு செய்யலாம் என எண்ணுகிறேன். என் நெறியாளர் தயங்குகிறார். கணினி வேண்டாம் என்று ஒதுக்கிய சேர்மம் உண்மையிலேயே பயனற்றதுதானா என்பது நமக்கு எப்படித் தெரியவரும் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் விடையில்லை. உடன் ஆய்வு செய்யும் நண்பரோ, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான ஆல்ஃபாஃபோல்ட் தரும் புரத அமைப்புகளில் சேர்மங்களைக் கணினியிலேயே பொருத்திப் பார்த்தால் போதும், எங்கள் தரவே தேவையில்லை என்கிறார். இவ்விரு வழிகளில் எது எங்களுக்கு ஏற்றது?

மறுமொழி (புரத அமைப்பியல் ஆய்வாளர்)

நண்பர் சொல்லும் வழியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஆல்ஃபாஃபோல்ட் மகத்தான சாதனை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதி அதற்காக டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது தகுதியானதே. ஆனால் அது எதனால் வென்றது என்பதைக் கவனியுங்கள். 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில், உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் எக்ஸ் கதிர்ப் படிகவியல் முதலிய முறைகளால் அரும்பாடுபட்டுக் கண்டறிந்த ஏறத்தாழ 1,70,000 அமைப்புகள் பொதுவில் கிடைத்தன. அத்துடன், 1994 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை நடந்துவரும் காஸ்ப் என்னும் போட்டியில், ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டும் இன்னும் வெளியிடப்படாத அமைப்புகளைக் கணிக்கச் சொல்வார்கள்; விடையை முன்கூட்டியே பார்க்க எவருக்கும் வழியில்லை. 2020இல் அந்தத் தேர்வில்தான் ஆல்ஃபாஃபோல்ட் தன் திறனை மெய்ப்பித்தது.

அது கணித்துத் தருவது புரதத்தின் வடிவத்தை. ஒரு சேர்மம் அப்புரதத்தோடு எவ்வளவு வலுவாகப் பிணையும் என்பது முற்றிலும் வேறு கேள்வி. உங்கள் துறைக்கே நேரடியாகப் பொருந்தும் ஓர் ஆய்வு 2022இல் வெளிவந்தது. ஈ. கோலி பாக்டீரியா உயிர்வாழ இன்றியமையாத 296 புரதங்களுக்கு ஆல்ஃபாஃபோல்ட் கணித்த அமைப்புகளில், பாக்டீரியாவைத் தடுக்கும் 218 சேர்மங்களைக் கணினியில் பொருத்திப் பார்த்துவிட்டு, கிடைத்த கணிப்புகளை ஆய்வுக்கூட அளவீடுகளோடு ஒப்பிட்டபோது, அவை நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிட மேலானவையாக இல்லை. குறை பெரும்பாலும் பிணைப்பு வலுவை மதிப்பிடும் முறையில்தான் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த அமைப்புகளைப் பயன்படுத்தியபோதும் நிலை ஏறக்குறைய அதேதான். ஆகவே உங்கள் தரவைக் கைவிட வேண்டாம்.

மறுமொழி (மருந்து வேதியியலில் பணிபுரிபவர்)

உங்கள் நெறியாளரின் கேள்வி மிகச் சரியானது. அதற்கு விடையும் இருக்கிறது. 2020இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜேம்ஸ் காலின்ஸ், ரெஜினா பார்சிலே ஆகியோரின் குழு ஹாலிசின் என்ற மூலக்கூறின் ஆன்டிபயாடிக் திறனைக் கண்டறிந்த விதத்தைப் பாருங்கள். 2,335 மூலக்கூறுகளை ஈ. கோலிமீது தாங்களே சோதித்து, அந்த முடிவுகளால் மாதிரியைப் பயிற்றுவித்தார்கள். அவற்றுள் வளர்ச்சியைத் தடுத்தவை 120 மட்டுமே. பிறகு, ஏற்கெனவே மருந்தாகவோ ஆய்வு நிலையிலோ இருந்த ஏறத்தாழ 6,000 மூலக்கூறுகளை அந்த மாதிரி தரவரிசைப்படுத்தியது. மேலிடம் பெற்ற 99 மூலக்கூறுகளைச் சோதித்ததில் 51 வேலை செய்தன.

எல்லோரும் இதை மட்டும் மேற்கோள் காட்டுவது எனக்கு வருத்தமளிக்கிறது. அதே குழு, கடைசி இடங்களைப் பெற்ற 63 மூலக்கூறுகளையும் எடுத்துச் சோதித்தது. அவற்றுள் இரண்டு மட்டுமே வளர்ச்சியைத் தடுத்தன. மாதிரி ஒதுக்கியவற்றிலும் ஒரு பகுதியைச் சோதித்தால்தான் அது எவ்வளவு தவறவிடுகிறது என்பதற்கு அளவீடு கிடைக்கும். நேரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் மாதிரி நிராகரித்தவற்றுள் சிலவற்றுக்கு இடம் ஒதுக்குங்கள். அந்த முடிவுகள் அடுத்த சுற்றின் பயிற்சிக்கும் உதவும்.

இன்னொன்று. மேலிடம் பெற்றவற்றுள், அறியப்பட்ட ஆன்டிபயாடிக் மருந்துகளின் கட்டமைப்போடு ஒத்துப்போகாதவற்றுக்கு அவர்கள் முன்னுரிமை தந்தார்கள். முதலில் நீரிழிவுக்காக ஆராயப்பட்ட ஹாலிசின் கண்ணில் பட்டது அதனால்தான். அது செய்யப்படாவிட்டால், ஏற்கெனவே தெரிந்த மருந்துகளின் உறவினர்களையே மாதிரி மீண்டும் மீண்டும் பரிந்துரைத்துக்கொண்டிருக்கும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. கடைசி இடங்களில் உள்ளவற்றையும் சோதிப்பது என்னும் யோசனையை நெறியாளர் உடனே ஏற்றுக்கொண்டார். எங்கள் தரவு சிறியது என்பதால், பிறர் வெளியிட்ட கட்டுரைகளிலிருந்து முடிவுகளை, சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரி ஒன்றின் உதவியால் திரட்டிச் சேர்க்கலாமா?

மறுமொழி (புள்ளியியலாளர்)

சேர்க்கலாம், ஆனால் ஒவ்வொரு எண்ணையும் மூலக் கட்டுரையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே. மொழி மாதிரிகள் இல்லாத கட்டுரைகளையும் இருப்பதுபோல் எழுதக்கூடியவை. எண் சரியாக இருந்தாலும், ஒரு கட்டுரை மைக்ரோகிராமிலும் மற்றொன்று மைக்ரோமோலாரிலும் அளவைத் தந்திருக்கலாம். பாக்டீரியாவின் வகையும் வளர்ப்பு ஊடகமும் மாறியிருக்கலாம். இவற்றைத் தனித்தனி நிரல்களாகப் பதிவு செய்யாமல் ஒன்றாகக் கலந்தால், இருக்கும் நல்ல தரவையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது தரவுக் கசிவு, அதாவது மாதிரிக்கு முன்பே தெரிந்திருக்கக் கூடாத தகவல் பயிற்சியில் நுழைந்துவிடுவது. 2023இல் கணினி அறிவியலாளர்களான சாயஷ் கபூரும் அரவிந்த் நாராயணனும் வெளியிட்ட ஆய்வு, 17 துறைகளில் 294 கட்டுரைகள் இதனால் பாதிக்கப்பட்டிருப்பதைத் தொகுத்துக் காட்டியது. சேர்மங்களைக் கண்மூடித்தனமாகப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால், ஓர் அணு மட்டும் மாறிய இரட்டையர் போன்ற மூலக்கூறுகள் இரு பக்கமும் விழுந்துவிடும். மாதிரி எதையும் கற்காமலே தேர்ச்சி பெற்றுவிடும். மூலக்கூறின் மையக் கட்டமைப்பின் அடிப்படையில் குழுக்களாக்கி, ஒரு குழு முழுவதையும் ஒரே பக்கத்தில் வையுங்கள். சேர்மங்களைச் சோதித்த நாளும் சோதனைத் தட்டும் மாதிரிக்குக் குறுக்குவழியாகிவிடவில்லையா என்றும் பாருங்கள். கொரோனா காலத்தில் நெஞ்சக எக்ஸ்ரே படங்களைக் கொண்டு உருவாக்கிய மாதிரிகள் சிலவற்றில், நோயற்றவர்களின் படங்களாகக் குழந்தைகளின் படங்களைச் சேர்த்திருந்தார்கள். அத்தகைய மாதிரி நோயை அல்ல, வயதையே கண்டறியப் பழகிவிடும்.

துல்லியத்தை விழுக்காட்டில் அறிவிப்பதையும் தவிர்த்துவிடுங்கள். மேலே சொன்ன 2,335 மூலக்கூறுகளிலேயே, எதுவும் வேலை செய்யாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாதிரிக்கும் ஏறத்தாழ 95 விழுக்காடு துல்லியம் கிடைத்துவிடும். மாதிரி முன்வைக்கும் முதல் ஐம்பதில் எத்தனை உண்மையில் வேலை செய்கின்றன, குருட்டுத்தனமாக எடுத்த ஐம்பதில் எத்தனை வேலை செய்கின்றன என்ற இரண்டு எண்களை மட்டும் நெறியாளரிடம் காட்டுங்கள். முதல் எண் தெளிவாகப் பெரிதாக இல்லையென்றால், இன்னும் சில நூறு சேர்மங்களை நேரடியாகச் சோதித்துத் தரவைப் பெருக்கிய பிறகு மறுபடியும் பயிற்றுவியுங்கள்.