வெதரிங்: முதுமையூட்டலா, புழங்குதடமா?

வணக்கம்.

அளவுமாதிரிப் போர்வாகனங்களுக்காக (உண்மை வண்டியைக் கணக்காகச் சுருக்கிக் கட்டும் பொம்மைகள்) நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் காற்றுத்தூரிகை (ஏர்பிரஷ்), ஒட்டுப்படம் (டெக்கால்) எல்லாம் சுலபமாகத் தாண்டிவிட்டன. வெதரிங் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கிறது. பிளாஸ்டிக் டாங்கியை ஒட்டி, பெயின்ட் அடித்து முடித்த பிறகு, அது களத்தில் ஓடிய வண்டி போலத் தெரிவதற்காகச் செய்கிற எல்லா வேலைக்கும் சேர்த்து ஒரே பெயர் அது. மாதிரி கட்டுகிறவன் என்ற முறையில் என் கருத்தைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன். நீங்கள் அனுப்பிய பரிந்துரைகளை ஒவ்வொன்றாக மேலே போட்டுக் கீழே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> வானிலைச் சிதைவு என்று புவியியல் பாடநூலிலேயே இருக்கிறது. புதிதாக ஒன்று எதற்கு?

பாடநூல் அதைப் பாறைக்குச் சொல்கிறது. வெயிலும் மழையும் பனியும் காலங்காலமாகச் சேர்ந்து பாறையை உடைக்கின்றன. இரண்டாம் உலகப் போரின் டாங்கிக்கு அவ்வளவு ஆயுசு ஏது? அதன் பெயின்டைக் கெடுத்தவர்கள் பெரும்பாலும் அதில் ஏறி இறங்கிய ஆட்கள்தான்.

1941 தொடக்கத்தில் லிபியாவின் திரிப்போலித் துறைமுகத்தில் இறங்கிய ஜெர்மன் டாங்கிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவுக்காக அடித்த கருஞ்சாம்பல் நிறத்தோடே வந்து சேர்ந்தன. பாலைவனத்தில் அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும் என்பதால் மேலே மணல் மஞ்சள் அடித்தார்கள். அந்த மேல்பூச்சு தேயத் தேய, அடியில் இருந்த சாம்பல் எட்டிப் பார்த்தது. எங்கே? ஏறுவதற்குக் கால் வைக்கும் மட்காட் விளிம்பில், கை ஊன்றும் மேல்மூடியின் ஓரத்தில், கருவிப்பெட்டி மூடியில், எரிபொருள் ஊற்றும் வாயைச் சுற்றி. யாரும் தொடாத இடங்களில் மஞ்சள் பெரும்பாலும் அப்படியே இருந்தது. வெயில் தன் பங்குக்கு நிறத்தை வெளுக்க வைத்தது, அவ்வளவுதான்.

ரஷ்யக் குளிர்காலத்துக்காக மேலே பூசிய வெள்ளைக்கும் இதே கதை. வசந்தம் வந்தால் கழுவிவிட வேண்டும் என்றே கரையக்கூடிய பூச்சாக அடித்தார்கள். பூட்ஸ் உரசிய இடத்தில் முதலில் போயிற்று. (இதற்கு நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளையடிப்பு என்று சொல் தயாராகவே இருக்கிறது.)

> முதுமையூட்டல் அழகாக இருக்கிறது. பழமையேற்றலும் நன்று.

அழகுதான். பொருள்தான் இடிக்கிறது. 1943 ஜூலையில் ரஷ்யாவின் கூர்ஸ்க் சண்டையில் முதன்முதலாக இறங்கிய ஜெர்மன் பாந்தர் டாங்கிகள் புத்தம்புதியவை. வயது என்று பார்த்தால் பச்சைக் குழந்தை. அந்தக் கோடைப் புழுதியில் ஓடிய வண்டியை மாதிரியாகக் கட்டுகிறவர் அதன்மேல் முதுமையை ஏற்றினால் தப்பான வண்டியைக் கட்டுகிறார் என்று அர்த்தம். புழுதி ஏற்ற வேண்டும், சைலன்சரைக் கருக வைக்க வேண்டும், துருவைக் கிட்டத்தட்டத் தொடவே கூடாது. பழமை என்ற சொல்லைக் கையில் கொடுத்துவிட்டால் புதிதாகப் பழகுகிறவர் முதலில் எடுப்பது செம்பழுப்பு டப்பாவைத்தான். துருவில் முக்கி எடுத்த மாதிரிகள் இப்போதே தேவைக்கு மேல் இருக்கின்றன.

> அழுக்கேற்றல் எளிமையானது, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் பாதி வேலையைத்தான் சொல்லும். மீதிப் பாதி, இருப்பது போவதைப் பற்றியது: பெயின்ட் பெயர்வது, நிறம் வெளுப்பது, இரும்பு தேய்ந்து மினுங்குவது. டாங்கியின் செயினைப் பாருங்கள் (ஜேசிபி ஓட்டுகிறவர்கள் சொல்வதையே நானும் சொல்கிறேன், சங்கிலிப்பட்டை என்று நீட்ட எனக்கு வாய் வரவில்லை). தரையில் படும் முகடுகள் உரசி உரசி வெள்ளி போல மின்னும். அழுக்கும் துருவும் பள்ளங்களில் தங்கும். சக்கரத்தில் செயினின் பல் உரசும் வளையமும் அப்படியே. மினுக்கத்தை அழுக்கு என்று எப்படிச் சொல்வது?

ஆக, வெயிலோ வயதோ அழுக்கோ இதன் முழுக் காரணம் ஆகாது. வண்டியை வைத்து வேலை வாங்கியதால் வந்த அடையாளம் இது. இதற்குத் தமிழில் அழகான வினை ஒன்று உண்டு: புழங்குதல். வீட்டில் புழங்குகிற பித்தளைக் குடத்தின் கழுத்து கைபட்டு மினுங்கும், அடிப்பக்கம் கறுத்துக் கிடக்கும். அதே கணக்கில், வேலையால் வண்டியில் விழுந்த அடையாளம் புழங்குதடம். ஓடுதளம், சுடுகாடு போல வினைத்தொகை, இலக்கணத்துக்கும் உறுத்தாது. அதைத் தூரிகையால் உண்டாக்கும் செயல் தடமேற்றல். "பெயின்ட் காய்ந்துவிட்டது, இனி தடமேற்ற வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். நாக்கில் நிற்கிறது.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலோர் கட்டுவது 1/35 அளவில், அதாவது உண்மை வண்டியின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. இந்த அளவே ஒரு தற்செயல். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தமியா மாதிரி நிறுவனம் 1961இல் பாந்தர் டாங்கியை மோட்டார் வைத்து ஓடும்படி செய்தது. மோட்டாரும் இரண்டு பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டும் என்று உடலின் அகலத்தை முடிவு செய்தார்கள். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 1/35 வந்தது. பேட்டரி சொன்ன அளவில் இன்று உலகமே போல்ட்டை எண்ணி எண்ணிக் கட்டிக்கொண்டிருக்கிறது! இருக்கட்டும். இந்த அளவில் 1 மில்லிமீட்டர் என்பது உண்மை வண்டியில் 3.5 சென்டிமீட்டர். தூரிகை நுனி கொஞ்சம் அழுந்தினால் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் பெயர்ந்ததாக ஆகிவிடும். அப்படிப் பெயர யார், எதை வைத்து இடித்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்தப் புள்ளி அங்கே இருக்கக் கூடாது. தடம் என்ற சொல் இந்தக் கேள்வியைத் தானாகவே எழுப்பும். தடம் இருந்தால் அதைப் போட்டவர் ஒருவர் இருந்தாக வேண்டுமே.

இனி உள்ளே வரும் சிறு சொற்கள்.

வாஷ், பில்டர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். இரண்டும் நீர்க்கக் கரைத்த பெயின்ட்தான், ஆனால் நடத்தை வேறு. வாஷ் செய்வதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு கை அடித்து மேற்பரப்பை வழுக்கலாக்கிவிடுவார்கள். பிறகு அடர்பழுப்பு எனாமலைத் தின்னரில் தண்ணீராகக் கரைத்து, மெல்லிய தூரிகையின் நுனியை ஒரு போல்ட் தலையின் பக்கத்தில் தொட்டால் போதும். திரவம் தானாகவே ஓடி போல்ட்டைச் சுற்றி வளையம் போடும், அப்படியே தகடு சேரும் கோடு வழியாக நூல் போல இறங்கும். நுண்புழை ஏற்றம் என்று பள்ளியில் படித்தது இங்கே கண்ணெதிரே நடக்கிறது. கொஞ்சம் காய்ந்ததும் தின்னரில் நனைத்துத் துடைத்த தூரிகையால் மிச்சத்தை எடுத்துவிட்டால் இடுக்கில் மட்டும் நிழல் தங்கும். இதற்கு நான் வைக்கும் சொல் ஊறல். கழுவல் என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். இங்கே எதையும் கழுவவில்லை, சேர்க்கிறோம்.

பில்டர் என்பது அதைவிடப் பல மடங்கு நீர்த்தது. இடுக்கைத் தேடி ஓடக் கூடாது, பரப்பு முழுவதும் மெல்லப் படிந்து அடிநிறத்தின் சாயலைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். சாம்பல்மேல் நீலம் ஓட்டினால் குளிர்ந்து தெரியும், பழுப்பு ஓட்டினால் சூடாகத் தெரியும். வடிகட்டிப் பூச்சு என்ற பரிந்துரையைப் படித்ததும் எனக்குக் காபி வாசனைதான் வந்தது. சாயற்பூச்சு என்றால் வேலை விளங்கிவிடும்.

டிரைபிரஷுக்கு வறட்டுத்தூரிகை. தூரிகையைப் பெயின்டில் தொட்டு, துணியில் கிட்டத்தட்ட முழுவதும் துடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் வறட்டு நிறத்தை முகடுகளில் மட்டும் உரசுவது. 1980களில் பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன் செய்த மாதிரிகளைப் பார்த்து உலகமே இப்படி உரசித் தள்ளியது. பிறகு ஸ்பெயினின் மிக் ஹிமேனெஸ் போன்றவர்கள் சாயற்பூச்சு, நிறப்பொடி (பிக்மென்ட்) என்று வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். இன்று வறட்டுத்தூரிகைக்குப் பழைய மவுசு இல்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை, எல்லா விளிம்பும் ஒரே மாதிரி நரைத்த டாங்கிகளை நிறையவே பார்த்தாகிவிட்டது.

சிப்பிங் என்பதற்குப் பொருக்கு. பெயின்ட் பொருக்குப் பொருக்காக உரிகிறது என்று சொல்வது வழக்கில் உள்ளதுதான். இதில் ஹேர்ஸ்பிரே முறை என்று ஒன்று இருக்கிறது. அடியில் செம்பழுப்பு, அதன்மேல் கடையில் விற்கும் சாதாரண ஹேர்ஸ்பிரே, அதற்கும் மேல் அக்ரிலிக் மஞ்சள். காய்ந்ததும் தண்ணீரால் நனைத்து முரட்டுத் தூரிகையால் தேய்த்தால், நடுவில் உள்ள ஸ்பிரே கரைந்து மஞ்சள் ஒழுங்கில்லாத பொருக்காகக் கழன்று வரும். கையால் வரைந்தால் அந்த ஒழுங்கின்மை வராது. முறையின் பெயரை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

சேறு, சகதி, புழுதி, கரி, எண்ணெய்ப்பிசுக்கு ஆகியவற்றுக்குச் சொல் தேட வேண்டிய தேவையே இல்லை. இதில் ஆங்கிலத்தைவிட நாம் வசதியானவர்கள்.

அன்புடன்.

———

வணக்கம் ஐயா.

விரிவான மடலுக்கு நன்றி. இலங்கையில் எங்கட பக்கத்துப் பாடநூல்களில் பாறைக்கு வானிலையாலழிதல் என்று இருக்கும். டாங்கிக்கு அது பொருந்தாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இரண்டு விசயம்.

ஒன்று, நாங்கள் அன்றாடம் சொல்வது பாவித்தல். பாவித்த வாகனம் விற்பனைக்கு என்றுதான் விளம்பரமும் வரும். புழக்கம் என்ற சொல் விளங்காமல் இல்லை, ஆனால் பாவிப்புத்தடம் என்றால் இங்கே ஒரு சிறுபிள்ளைக்கும் விளங்கும்.

மற்றது, எல்லா மாதிரியும் ஓடுகிற வண்டியாக இருப்பதில்லை. ஏ9 வீதியில் ஆனையிறவைக் கடக்கிற எவரும் 1991 சண்டையில் சிதைந்த கவச புல்டோசரைக் கண்டிருப்பார்கள், நினைவுச்சின்னமாக அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒன்றை மாதிரியாகச் செய்தால் அதில் இருப்பது புழக்கத்தின் அடையாளமா? எரிந்தால் பெயின்டும் இறப்பரும் போய்விடும். மூடியிருந்த பூச்சு இல்லாத இரும்பு வெகு விரைவாகச் செம்மஞ்சளாகத் துருப்பிடிக்கும். அதற்குப் பிறகு வருவது உண்மையிலேயே வெயிலும் மழையும் செய்யும் வேலை. நீங்கள் தள்ளிவிட்ட வானிலைச் சிதைவு இங்கேதான் தேவைப்படுகிறது. தவிர, ஆங்கிலத்தில் இதையும் வெதரிங் என்றே சொல்கிறார்கள். உங்கட சொல் இதை வெளியே விட்டுவிடுகிறது.

———

வணக்கம் தம்பி.

இரண்டாவது கேள்வி சரியான இடத்தில் கை வைக்கிறது. எரிந்த வண்டி வேறு, ஓடிய வண்டி வேறு. நிறத்திலும் வேறு: ஓடுகிற வண்டியில் துரு இருந்தால் சைலன்சரிலும் உதிரிச் செயின் துண்டுகளிலும் பெயின்ட் போன கீறல்களிலும் இருக்கும். எரிந்த வண்டியில் தகடு முழுவதும் செம்மஞ்சளும் சாம்பல் வெளுப்புமாக இருக்கும். இரண்டையும் ஒரே சொல்லில் ஆங்கிலம் அடைத்தது அவர்கள் வசதி. நாம் பிரித்தே வைப்போம். தூரிகையால் செய்யும் வேலை எதுவானாலும் தடமேற்றல். ஏறியது எது என்பதில் பிரிவு: ஓடிய வண்டிக்குப் புழங்குதடம், எரிந்தோ கைவிடப்பட்டோ கிடந்த வண்டிக்குச் சிதைவுத்தடம். வானிலைச் சிதைவில் வானிலையைக் கழற்றிவிட்டேன், ஏனென்றால் தீயும் சேர்ந்துதான் சிதைத்திருக்கிறது.

பாவிப்புத்தடத்தில் எனக்கு ஒரு தயக்கம். இங்கே பாவித்தல் என்றால் கருதுதல், பாசாங்கு செய்தல் என்று பொருள் ஓடும். டாங்கி நடிக்கிறது என்று யாராவது படித்துத் தொலைப்பார்கள். பட்டியலில் இரண்டையும் இணைச்சொற்களாகப் போட்டு, எது எந்தப் பக்கத்து வழக்கு என்று குறித்துவிடலாம். எந்தச் சொல் நிற்கும் என்பதைக் கட்டுகிறவர்கள் முடிவு செய்யட்டும்.

ஊறலுக்கு வேறு மூவர் தனிமடலில் சிரித்திருக்கிறார்கள். காவல்துறை அழித்த ஐந்நூறு லிட்டர் ஊறல் என்று செய்தித்தாளில் வருவதுதான் நினைவுக்கு வருகிறதாம். நியாயம். இடுக்கூறல் என்று முன்னொட்டுச் சேர்த்தால் கள்ளச்சாராய வாசனை போகும், வேலையும் துல்லியமாகும். சாயற்பூச்சு, வறட்டுத்தூரிகை, பொருக்கு மூன்றுக்கும் மறுப்பு வரவில்லை என்பதால் ஏற்றுவிட்டேன். நிறப்பொடியைத் தின்னர் விட்டு நிலைக்க வைப்பதற்கு இன்னும் சொல் அமையவில்லை. "பதித்தல்" என்று ஒருவர் சொன்னார், ஆனால் தட்டினால் உதிர்கிற பொடிக்கு அது கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.