பி.கே.ரோசிய உங்களுக்கு எப்படித் தெரிய வந்துச்சு? உங்க அனுபவத்தச் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். 2013ல திருவனந்தபுரத்துல வேலை பாத்தப்ப ரூம்மேட் 'செல்லுலாய்ட்' படத்துக்கு இழுத்துட்டுப் போனான். ஜே.சி.டேனியல் கதைன்னுதான் போனேன், நம்ம அகஸ்தீஸ்வரத்துக்காரர், சொத்த வித்து மலையாளத்துல மொத படம் 'விகதகுமாரன்' எடுத்தவர், ஊமைப்படம். ஆனா வெளிய வரும்போது மனசுல நின்னது அந்தப் படத்தோட கதாநாயகி ரோசிதான். புலையர்ங்கிற தலித் ஜாதி வீட்டுப் பொண்ணு, காக்காரிசிங்கிற நாட்டுப்புற நாடகத்துல ஆடிட்டிருந்தவங்க, படத்துல மேல்ஜாதி நாயர் பொண்ணு சரோஜினியா நடிச்சாங்க, அவ்ளோதான் தப்பு. திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டர்ல மொத காட்சி, அவங்க உள்ள இருந்தா நான் தொடங்கி வைக்க மாட்டேன்னு அதுக்கு வந்த பெரிய மனுசன் சொல்லிட்டாராம். ஹீரோ அவங்க தலையில இருந்த பூவுக்கு முத்தம் குடுக்குற சீன் வந்ததும் திரையில கல்லு பறக்குது. அப்புறம் ரோசி வீட்டையும் எரிச்சுட்டானுங்க, ராவோட ராவா அவங்க லாரி ஏறி தமிழ்நாட்டுக்கு ஓடி வந்தாங்க. அன்னைக்கு நைட்டு எனக்குச் சாப்பாடு இறங்கல.

நாகர்கோவில்காரன்:
ப்ரோ ஒரு சின்ன திருத்தம். எல்லாரும் தமிழ்நாட்டுக்கு ஓடினாங்கன்னுதான் எழுதுறாங்க, ஆனா அவங்க வந்து சேந்த நாகர்கோவில் அப்ப திருவிதாங்கூர் ராஜாவோட இடம்தான், நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுப் பக்கம் சேந்ததே 1956 நவம்பர் 1. அதாவது அவங்க தப்பிச்சு வந்தது அதே சமஸ்தானத்துக்குள்ளயே, அதே ஜாதி இங்கயும் இருந்துச்சு. அதான் லாரி டிரைவர் கேசவப்பிள்ளையக் கட்டிக்கிட்டு ராஜம்மாளா வாழ்ந்து, சினிமாவப் பத்தி மூச்சு விடாம போய்ட்டாங்க. எங்க ஆச்சி வடசேரி சந்தையில அறுபது வருசம் காய்கறி வித்தவ, அவகிட்ட கேட்டேன் இப்படி ஒரு நடிகை நம்ம ஊர்லயே இருந்தாங்களாம் தெரியுமான்னு. "இங்கன எத்தன ராஜம்மா இருந்தா, நான் எந்த ராஜம்மாவச் சொல்லட்டும்"னா. அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க.

கோடம்பாக்கம் உதவி இயக்குநர்:
எனக்குத் தெரிஞ்சது சென்னையில டைரக்டர் பா.ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையம் நடத்துற பி.கே.ரோசி திரைப்பட விழாவுல. பேரப் பாத்துட்டு யாரோ வெளிநாட்டு டைரக்டர்னு நினைச்சேன், சிரிக்காதீங்க. பக்கத்துல இருந்தவர் சொன்ன ஒரு விஷயம் இன்னும் உறுத்துது, ஒரு நாளைக்கு அஞ்சு ரூபா சம்பளம், பத்து நாள் சூட்டிங், மதியச் சோத்த தூக்குவாளியில கட்டிக்கிட்டு வயல் வேலைக்குப் போற மாதிரி வந்துட்டுப் போவாங்களாம். இதுக்கு முன்னாடி பம்பாய்ல இருந்து ஒரு நடிகைய வரவழைச்சு வசதி பத்தலன்னு அந்தம்மா திரும்பிப் போன கதையும் சொன்னார், அத விடுங்க. 'விகதகுமாரன்' படத்தோட பிரதி இப்ப இல்ல. வெளிவந்த வருசமே 1928னு சிலர், 1930னு சிலர்.

அம்மா ஆஃப் டூ:
2023 பிப்ரவரி 10, கூகுள் முகப்புல டூடுலா ரோசி படம். பொண்ணு ஸ்கூலுக்குக் கிளம்புறப்ப போன்ல பாத்துட்டு இது யாரும்மான்னா, ஆட்டோ வர்றதுக்குள்ள முழுக்கதையும் சொன்னேன். அவங்க நடிச்சத அவங்க பாத்தாங்களான்னு கேட்டா. உள்ளயே விடலடின்னேன். சரி நெட்ல இருக்குற போட்டோவாவது காட்டுன்னா, அது உண்மையிலேயே அவங்கதானான்னே சந்தேகம்னு படிச்சிருந்தேன், அதையும் சொன்னேன். "அப்போ அவங்க மூஞ்சி யாருக்குமே தெரியாதா"ன்னுட்டு ஷூ லேசக் கட்டாமலே நிக்கிறா, கீழ ஆட்டோ ஹாரன் அடிக்குது.

நாகர்கோவில்காரன்:
ஆச்சிகிட்ட இன்னொருக்கா கேட்டுப் பாக்கேன்.