கிணற்று மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை

வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கை. மூன்று கிழமையாகக் காலையில் இதே கூத்து: மோட்டர் உறுமுகிறது, மாடித் தாங்கிக்கு ஒரு சொட்டும் ஏறுவதில்லை. பம்பின் மூடியைத் திறந்து அரை வாளி தண்ணீர் ஊற்றினால் பகல் முழுக்க நன்றாக இழுக்கும். இரவு கழிந்தால் பைப்பில் மறுபடியும் காற்று.

அரைக் குதிரைவலு மோட்டர், 1 இஞ்சி பைப், ஆறு வருடப் பழசு. நீர்மட்டம் தரையிலிருந்து 12 அடிதான், அதில் குறையில்லை. பைப் அடியில் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கும் புட் வால்வ் புதிதாகப் போட்டாயிற்று (பழையதின் ஸ்பிரிங் துருவேறிக் கையோடு வந்தது, எங்கள் கிணறு கொஞ்சம் உவர்). மூட்டுகளுக்கெல்லாம் டெப்லோன் டேப் சுற்றினேன். திருத்த வந்த பாஸ் (மெக்கானிக்) புது மோட்டர் வாங்கச் சொல்கிறார், எனக்கென்னவோ நம்பிக்கையில்லை. மோட்டரின் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) அடியில் மட்டும் லேசாக ஈரம் கசிகிறது.

ஷாஃப்டில் கசிவைத் தடுக்கும் ‘சீல்’ஐ மாற்றினால் சரிவருமா, இல்லை கிணற்றுக்குள் போகும் பைப்பையே கழற்றிப் பார்க்க வேண்டுமா?