புதுப்பிப்பு: மறைவான டெஸ்ட் கேஸ்களில் விழுந்த ஜாவா நிரல்

ஒரு நிறுவனத்தின் ஆன்லைன் கோடிங் தேர்வில், மாதிரி உள்ளீடுகளுக்கெல்லாம் சரியாக ஓடிய என் ஜாவா நிரல், மறைவான டெஸ்ட் கேஸ்களில் (தேர்வெழுதுபவருக்குக் காட்டாத சோதனை உள்ளீடுகளில்) மட்டும் நேர வரம்பைத் தாண்டிவிட்டது என்று முன்பு எழுதியிருந்தேன். பலரும் "உள்ளே இரட்டை லூப் இருக்கும், பாருங்கள்" என்றீர்கள் (சுழற்சிக்குள் சுழற்சி இருந்தால் நிரல் மெதுவாகும்). இல்லை. வரிசைப்படுத்தி ஒருமுறை கடந்துபோகும் நிரல்தான். அந்த வேகம் போதுமானது.

ஒருவர் மட்டும், ஜாவாவில் உள்ளீட்டைப் படிக்கும் ஸ்கேனரைக் கைகாட்டினார். அதேதான். ஸ்கேனர் ஒவ்வொரு எண்ணையும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பைத் தேடும் விதி) வைத்துப் பிரிக்கிறது. பத்து எண்களுக்குத் தெரியாது. 10 லட்சம் எண்கள் வந்தால் படிப்பதற்கே நேரம் போய்விடும். உள்ளீட்டை மொத்தமாக இழுத்துப் படிக்கும் பஃபர்டுரீடருக்கு மாற்றி, பெரிய உள்ளீடு ஒன்றை நானே உருவாக்கி வீட்டில் ஓட்டிப் பார்த்தேன். பல மடங்கு வேகம். வேடிக்கை என்னவென்றால், அந்த ஸ்கேனர் வரி தேர்வுத் தளமே நிரப்பித் தந்த தொடக்க நிரலில் இருந்தது!

கூட்டுத்தொகையை இன்ட்டில் (ஜாவாவின் வழக்கமான முழு எண் வகையில்) வைக்காதீர்கள் என்ற அறிவுரையும் சரி. 2,147,483,647-ஐத் தாண்டினால் ஜாவா பிழை காட்டாது, சத்தமில்லாமல் எதிர்மறை எண்ணுக்குப் போய்விடும். நான் அதைவிடப் பெரிய எண்களைத் தாங்கும் லாங்தான் வைத்திருந்தேன்.

இதையெல்லாம் ஹெச்ஆருக்கு எழுதினேன். அவர்களுக்குத் தெரிவது மதிப்பெண் மட்டும்தானாம். நிரலைத் திறந்தே பார்ப்பதில்லை. (தேர்வின்போது கேமராவை மட்டும் அணைக்க விடவில்லை.) அப்புறம் என்ன நினைத்தார்களோ, அணியில் உள்ள ஒரு பொறியாளருடன் பேச வைத்தார்கள். அவர் அதே நிரலைத் திரையில் வைத்து, "உள்ளீடு நினைவகத்தில் அடங்காவிட்டால்?" என்று கேட்டார். துண்டு துண்டாக வரிசைப்படுத்தி, கோப்புகளில் எழுதி, பிறகு இணைப்பதைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம். முடிவு இன்னும் வரவில்லை.