ஏப்ரல் கடைசியில் குல்மார்க் போனால் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள முடியுமா? யோசனை வேண்டும்

பாலக்கோட்டான்:
வணக்கம். தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம் எனக்குக் கொஞ்சம் மாந்தோப்பு இருக்கிறது. மே பிறந்துவிட்டால் காய் பறிக்க ஆள் தேடுவதும் மண்டிக்கு ஏற்றுவதுமாக ஜூலை வரை ஊரைவிட்டு நகர முடியாது. மகள் ஏழாம் வகுப்பு. முழு ஆண்டுத் தேர்வு ஏப்ரலில்தான் முடிகிறது. இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் ஒரு வாரத்தில் காஷ்மீரிலுள்ள குல்மார்க் போய்ப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்வது என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறோம். நான், மனைவி, மகள், மாமனார். மாமனாருக்கு வயது 66, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஏற்காட்டைவிட உயரமான இடத்துக்கு எங்களில் யாரும் போனதில்லை.

பயண முகவர் ஒருவர், "குல்மார்க்கில் மே வரை பனி இருக்கும், கவலையே வேண்டாம்" என்று முன்பணம் கேட்கிறார். இணையத்தில் ஏப்ரல் மாதப் படங்களைத் தேடினால் பச்சைப் புல்வெளியில் குதிரை மேய்கிறது. எதை நம்புவது?

ஓசூர் மலையேறி:
இரண்டுமே உண்மை. தொல்லையே அதுதான். குல்மார்க் என்பது ஒரே உயரத்தில் இருக்கும் இடமில்லை. ஊரும் புல்வெளியும் சுமார் 2,650 மீட்டரில் இருக்கின்றன. அங்கிருந்து கேபிள் காரில் (கொண்டோலா என்பார்கள்) முதல் கட்டம் ஏறினால் கோங்தூரி, 3,000 மீட்டருக்குச் சற்று மேலே. இரண்டாம் கட்டம் அபர்வாட் மலைத் தோளில், 4,000 மீட்டரை நெருங்கி இறக்கிவிடும். முகவர் சொல்லும் பனி அந்த உச்சியில் கிடப்பது. ஏப்ரல் கடைசியிலும் அங்கே இருக்கும்.

ஆனால் முதன்முறை ஸ்கீ (சறுக்கக் காலில் மாட்டும் நீளப் பட்டை) மாட்டுகிறவர் கற்பது கீழே, ஊரை ஒட்டிய மெல்லிய சரிவில். வெயில் ஏறியதும் முதலில் கரைவது அதுதான். மேலே இருக்கும் அபர்வாட் சரிவோ செங்குத்து, பெரும்பகுதி சீர்படுத்தப்படாதது, பனிச்சரிவு அபாயமும் உண்டு. நன்றாகப் பழகியவர்களே வழிகாட்டியோடுதான் அங்கே இறங்குகிறார்கள். கற்க வந்தவருக்குத் தேவையான பனி கீழே இருக்காது, இருக்கும் பனி அவருக்கு ஆகாது. முகவர் இந்தப் பாதியை மட்டும் விழுங்கிவிட்டார்.

கெலமங்கலம் வாசகி:
இளவேனிற்பனியே தனி ரகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவில் உறைந்த பனி காலையில் இறுகிக் கிடக்கும். ஸ்கீயின் விளிம்பு பிடிக்காது, விழுந்தால் இடுப்பு போய்விடும். பத்து, பதினொரு மணிக்கு மேற்பரப்பு மட்டும் இளகிக் கல் உப்பைப் போல மணிமணியாக நிற்கும். சறுக்க அதுதான் அருமையான நேரம். மதியத்துக்குமேல் சொதசொதவென்று நனைந்து, ஸ்கீ புதைந்து முழங்கால் திருகிக்கொள்ளும். ஈரப்பனி சரிந்து விழும் ஆபத்தும் அப்போதுதான் கூடும். ஆக ஒரு நாளில் உருப்படியாகக் கிடைப்பது இரண்டு, மூன்று மணி நேரம்.

கிருஷ்ணகிரி அணைக்கரை:
நீங்கள் எல்லாரும் இப்படிப் பயமுறுத்தினால் மனிதர் எப்படிக் கிளம்புவார்? ஏப்ரலிலேயே போங்கள் அண்ணா. ஸ்ரீநகரில் தோட்டங்களைப் பார்க்கலாம், கேபிள் காரில் ஏறிப் பனியைத் தொடலாம், குழந்தை சந்தோஷப்படும்.

ஓசூர் மலையேறி:
பனியைத் தொடுவதற்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை. அவர் கேட்டது கற்றுக்கொள்வதைப் பற்றி.

காவேரிப்பட்டணம் மருந்தாளுநர்:
மாமனார் விஷயத்தில் யாரும் வாய் திறக்கவில்லையே. தர்மபுரி 500 மீட்டருக்கும் கீழே இருக்கும் ஊர். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தலைகாட்டும். பெங்களூரில் விமானம் ஏறி அன்றே குல்மார்க்கில் தூங்குவதைவிட, முதலில் ஸ்ரீநகரில் (சுமார் 1,600 மீட்டர்) ஓரிரு இரவு தங்குவது நல்லது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் அடங்காவிட்டால் கீழே இறங்கிவிட வேண்டும். மூச்சுத் திணறலோ நடை தள்ளாட்டமோ வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. அபர்வாட் உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய அறுபது விழுக்காடுதான். 66 வயதில், அழுத்த மாத்திரையோடு இரண்டாம் கட்டம் தேவையா என்று அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். மலைநோயைத் தடுக்கத் தரும் அசிட்டசோலமைடு மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று வாங்கிப் போடாதீர்கள். அதுவும் மருத்துவர் சொல்லித்தான்.

கண்ணைக் காக்க மறக்க வேண்டாம். புதுப்பனி புற ஊதாக் கதிரில் எண்பது விழுக்காடு வரை திருப்பி அடிக்கும். மேகமூட்டத்திலும் கறுப்புக் கண்ணாடி வேண்டும். மூக்கின் அடியிலும் தாடையின் கீழும் கிரீம் தடவ வேண்டும். வெயில் கீழேயிருந்தும் வருகிறது.

பாலக்கோட்டான்:
எல்லாருக்கும் நன்றி. அப்படியானால் தேதியை மாற்றுவதுதான் வழியா? மார்ச் முதல் வாரம் என்றால் மகளுக்கு விடுப்புக் கடிதம் எழுத வேண்டும். அது பெரிய விஷயமில்லை. தோப்பிலும் அப்போது காய் பிஞ்சுதான்.

ஓசூர் மலையேறி:
பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை சரியான காலம். ஆனாலும் முழு உத்தரவாதம் கிடையாது. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டியின் குல்மார்க் பகுதியே மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. அதனால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள், முகவருக்கு முழுப் பணமும் கொடுத்துவிடாதீர்கள். கேபிள் கார் டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிட வேண்டும்; இரண்டு கட்டத்துக்கும் தனித்தனிக் கட்டணம். காற்று பலமாக இருந்தால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். உங்களுக்கு அது தேவையும் இல்லை.

ஏப்ரலில்தான் போக முடியும் என்றால் பிரான்சில் வால் தோரான்ஸ் போன்ற இடங்கள் உண்டு. ஊரே 2,300 மீட்டரில் இருப்பதால் கற்பவருக்கான சரிவிலும் பெரும்பாலும் மே தொடக்கம் வரை பனி நிற்கும். ஷெங்கன் விசாவும் செலவும் வேறு கதை. ஒரு வருட மாங்காய்ப் பணம் அங்கேயே கரையும்.

பாலக்கோட்டான்:
மார்ச் என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்கீ, பூட்ஸ் எல்லாம் இங்கேயே வாங்குவதா?

கெலமங்கலம் வாசகி:
ஸ்கீயும் பூட்ஸும் அங்கே வாடகைக்கு எடுங்கள். கையுறை, கண்ணாடி, தண்ணீர் உறிஞ்சாத கால்சட்டை மட்டும் சொந்தமாக இருக்கட்டும். பூட்ஸ் போட்டதும் நிமிர்ந்து நில்லுங்கள்: கால்விரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விரல் பின்வாங்கிக் குதிகால் அசையாமல் உட்கார வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு காலுறை போடாதீர்கள். இறுக்கத்தில் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். ஒன்றே போதும், நீளமானதாக. விழும்போது ஸ்கீ கழன்றுகொள்ளும் பிடிப்பை உங்கள் எடைக்கு ஏற்பத் திருகித் தரச் சொல்லுங்கள். மகளுடையதைத் தனியாகச் சொல்லி வாங்குங்கள், பெரியவர்கள் அளவிலேயே விட்டுவிடுவார்கள்.

கிருஷ்ணகிரி அணைக்கரை:
நம் ஊர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது அண்ணா. வீட்டில் யாராவது ஒருவருக்காவது போஸ்ட்பெய்டு இருக்கிறதா பாருங்கள்.

பாலக்கோட்டான்:
மாமனாருடையது போஸ்ட்பெய்டுதான். அவர் ஸ்ரீநகரிலேயே தங்கிக்கொள்கிறேன் என்கிறார். போன் யார் கையில் என்பதை இனிமேல்தான் பேச வேண்டும்.