மேலத்தெரு சொந்தங்கள்: நாளைக்கு ஓட்டு

2 மார்ச் 2020, திங்கள். டெக்சாஸில் சாயங்காலம், ஊரில் செவ்வாய் விடிகாலை

ரேவதி: எல்லாருக்கும் ஒரு விஷயம். நாளைக்கு இங்க டெமாக்ரடிக் கட்சி வேட்பாளர் தேர்தல், எனக்கு முதல் ஓட்டு. மனசு செனட்டர் எலிசபெத் வாரன்கிட்ட இருக்கு. ஆபீஸ்ல எல்லாரும் பைடனுக்குப் போடு, அவராலதான் ட்ரம்பைத் தோற்கடிக்க முடியும்ங்கிறாங்க. குழப்பமா இருக்கு. ராத்திரிக்குள்ள ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க

மாலா அத்தை: வாழ்த்துகள் கண்ணு 💐

மாலா அத்தை: திவ்யா வளையல் அளவு 2.4 ஆ 2.6 ஆ? இன்னைக்கு தி.நகர் போறேன். வியாழக்கிழமை ஃப்ளைட்ல வர்ற பையன்கிட்ட கொடுத்து விடணும்

செந்தில்: நானும் பைடன்னுதான் சொல்றேன்

கார்த்தி: அத்தான், ஓட்டு இல்லாதவங்களுக்குத்தான் கருத்து ஜாஸ்தி 😂

செந்தில்: நான் சிட்டிசன் ஆகாததுக்குக் காரணம் இருக்குடா

விஜயா சித்தி: நிலம்

செந்தில்: ஆமா சித்தி. ஊர்ல ஒரு நிலம் வாங்கிட்டு அப்புறம் ஆகலாம்னு இருக்கேன்

விஜயா சித்தி: வாங்கியாச்சா?

செந்தில்: பார்த்துக்கிட்டு இருக்கோம்

கார்த்தி: கல்யாணம் ஆன நாள்லேருந்து

அப்பா: மாப்பிள்ளையைக் கிண்டல் பண்ணாதே. வாய்க்கால் ஓரம் ஒரு இடம் வருது, பத்திரம் பார்க்கணும்

ப்ளேனோ சித்தப்பா: ரேவதி, பதறாமப் படி. இது ஜனாதிபதி தேர்தல் இல்லை. கட்சிக்கு யார் வேட்பாளர்னு முடிவு பண்ற தேர்தல். நம்ம ஊர்ல விருப்ப மனு வாங்கி, நேர்காணல் வச்சு, கடைசியில தலைமை ஒரு பட்டியல் விடும். இங்க அந்தப் பட்டியலை ஜனங்க போடுறாங்க. டெக்சாஸ்ல நீ எந்தக் கட்சியிலயும் பதிஞ்சிருக்க வேண்டாம். நேரா போய் டெமாக்ரடிக் சீட்டு கொடுங்கன்னா கொடுத்துடுவான். காலையில 7லேருந்து ராத்திரி 7 வரைக்கும். லைசென்ஸ் மறக்காதே. (1/3)

ப்ளேனோ சித்தப்பா: வேட்பாளரைத் தேர்ந்தெடுக்குற கட்சி மாநாட்டுக்கு நம்ம மாநிலத்துலேருந்து 228 பிரதிநிதிகள். வாங்குற ஓட்டுக்குத் தகுந்த மாதிரி பிரிச்சுக் கொடுப்பாங்க. ஆனா 15 சதவீதம்னு ஒரு கோடு இருக்கு. மாநிலம் முழுக்க 15 வரலைன்னா அந்தக் கணக்குல ஒரு ஆள் கிடையாது. ஒவ்வொரு செனட் தொகுதிக் கணக்குலயும் அதே கோடுதான். வாரன் இங்க 15 தொடுவாங்களாங்கிறதே சந்தேகம். தொடலைன்னா உன் ஓட்டு எங்கயும் போய்ச் சேராது. (2/3)

கார்த்தி: அப்பா நீங்க யாருக்குப் போட்டீங்க?

ப்ளேனோ சித்தப்பா: வாக்கு ரகசியமானது

விஜயா சித்தி: குளோபச்சார்

கார்த்தி: 🤣🤣🤣

பாஸ்டன் மாமா: மச்சான், அவங்க இன்னைக்கு மத்தியானம் விலகிட்டாங்களே!

விஜயா சித்தி: போன மாசமே போய்ப் போட்டுட்டு வந்தார். கடைசி நாள்னா கூட்டமா இருக்குமாம்

விஜயா சித்தி: இப்ப அந்தம்மா டல்லாஸ் மேடையில பைடன் பக்கத்துல நின்னு கை தூக்குது. டிவியில பார்த்துட்டு இருக்கார்

ரேவதி: சித்தப்பா, அவங்களை உங்களுக்கு அவ்வளவு பிடிச்சுதா?

ப்ளேனோ சித்தப்பா: பிடிச்சு எங்க போட்டேன்? மினசோட்டாக்காரங்க, நடுமேற்கு மாநிலங்கள்ல எடுபடும்னு நினைச்சேன். நியூ ஹாம்ப்ஷயர்ல மூணாவதா வந்தாங்க. 2016ல விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூணுலயும் சேர்த்து 80,000 ஓட்டுக்கும் கம்மியான வித்தியாசத்துலதான் ட்ரம்ப் உள்ள வந்தார். அந்த மூணு மாநிலத்துக்காரங்க யாரை ஏத்துப்பாங்கன்னு பார்த்துத்தான் போடணும்

கார்த்தி: ஜெயிக்கிற ஆளுக்குப் போடுறேன்னு போட்டு அந்த ஆள் களத்துலயே இல்ல

பாஸ்டன் மாமா: 🤭

ப்ளேனோ சித்தப்பா: முருகேசன், நீங்க சிரிக்க வேண்டாம். 2008ல என்னை யாருக்குப் போடச் சொன்னீங்கன்னு நினைவிருக்கா?

பாஸ்டன் மாமா: இருக்கு இருக்கு. கறுப்பரை இந்த நாடு ஜெயிக்க வைக்காது, ஹிலாரிக்குப் போடுங்கன்னேன். ஐயோவாவுல வெள்ளைக்காரங்களே ஒபாமாவை ஜெயிக்க வச்சாங்க. அதோட இந்தக் கணக்குப் போடுறதை விட்டுட்டேன் மச்சான்

அப்பா: *கொரோனா வராமல் தடுக்க மிளகு ரசம். அனைவருக்கும் பகிரவும்*

விஜயா சித்தி: இதை எத்தனை தடவை அனுப்புவீங்க அத்தான்

மாலா அத்தை: அங்க கைகழுவுற அந்த ஜெல் கிடைக்குதா?

விஜயா சித்தி: காஸ்ட்கோல காலி. டாய்லெட் பேப்பருக்கும் அடிதடி. அரிசி மூட்டை ரெண்டு வாங்கி வச்சிட்டேன்

திவ்யா: 2.4 அத்தை. ஆனா இப்ப கை வீங்கியிருக்கு. 2.6ஏ வாங்கிடுங்க. சனிக்கிழமை நடக்குமான்னே தெரியலை, அவர் ஆபீஸ்ல கூட்டம் கூடாதேங்கிறாங்க

விஜயா சித்தி: அதெல்லாம் நடக்கும்

மாலா அத்தை: ரேவதி, அந்த துளசின்னு ஒரு பொண்ணு நிக்குதாமே. நம்ம பொண்ணுதானே? அதுக்குப் போடேன்

கார்த்தி: அத்தை, அவங்க இந்தியர் இல்லை. ஹவாய்க்காரங்க, சமோவா வம்சம். இந்து மதத்தைப் பின்பற்றுறாங்க, அவ்வளவுதான்

மாலா அத்தை: பேரைப் பார்த்து நினைச்சேன்

அப்பா: நம்ம பொண்ணு கமலா. தாத்தா துளசேந்திரபுரம். நம்ம மன்னார்குடி பக்கம்தான்

மாலா அத்தை: அதான் துளசியா!

கார்த்தி: 🤦

ரேவதி: கமலா டிசம்பர்லயே விலகிட்டாங்க அப்பா. ஒரு மாநிலத்துல கூட ஓட்டுப் பதிவு ஆரம்பிக்கலை அப்ப

அப்பா: நின்னிருந்தா குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல் வச்சிருப்பேன். சரி, என்னைக் கேட்டா ட்ரம்பே இருந்துட்டுப் போகட்டும். போன வாரம்தான் அகமதாபாத் வந்து எவ்வளவு மரியாதையா பேசினார்

ரேவதி: அப்பா உங்களை நான் கேக்கலை

செந்தில்: மாமா 😄

பாஸ்டன் மாமா: ரேவதி, உனக்கு வாரன்கிட்ட என்ன பிடிச்சுது? அதை முதல்ல சொல்லு. அதை ஒருத்தரும் கேக்கலை

ரேவதி: டேகேர் மாமா. பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் கட்டுற காசு வீட்டு லோனை விட ஜாஸ்தி. எந்தக் குடும்பமும் வருமானத்துல 7 சதவீதத்துக்கு மேல டேகேருக்குக் கொடுக்கக் கூடாதுன்னு அவங்க திட்டம் வச்சிருக்காங்க. காசு எங்கேருந்து வரும்னும் சொல்றாங்க, 5 கோடி டாலருக்கு மேல சொத்து இருக்கிறவங்களுக்கு வருஷம் 2 சதவீதம் வரி. மத்தவங்க மேடையில என்னைப் பத்திப் பேசினதே இல்ல. இவங்க என் வீட்டு நோட்டைப் பார்த்து எழுதின மாதிரி இருக்கு

செந்தில்: திட்டம் நல்ல திட்டம்தான். ஜெயிச்சாத்தானே செய்ய முடியும்

ரேவதி: ஜெயிக்க மாட்டாங்கன்னு எல்லாரும் போடாம விட்டா எப்படிங்க ஜெயிப்பாங்க

கார்த்தி: அக்கா, பெர்னி சாண்டர்ஸ். முடிஞ்சுது. நெவாடாவுல அடிச்ச அடி பார்த்தீங்கல்ல

ப்ளேனோ சித்தப்பா: கார்த்தி, 1972ல இப்படித்தான் இளைஞர்கள் எல்லாம் மெக்கவர்ன் பின்னாடி போனாங்க. கொள்கைக் குன்று. நவம்பர்ல 49 மாநிலத்துல தோத்தார்

பாஸ்டன் மாமா: ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சார். எங்க மாசசூசெட்ஸ் 💪

ப்ளேனோ சித்தப்பா: அதைப் பெருமையா சொல்றீங்க பாருங்க

பாஸ்டன் மாமா: அப்ப 2004ஐயும் சொல்லுங்க மச்சான். ஹோவர்ட் டீன்தான் மனசுக்குப் பிடிச்சவர். ஈராக் போரை எதிர்த்தவர். ஆனா ஜெயிக்கிற முகம் வேணும்னு ஜான் கெர்ரியைப் பிடிச்சாங்க. போர் வீரர், பதக்கம், எல்லாம் இருந்துச்சு. புஷ்ஷுதான் ஜெயிச்சார். ரீகனை 1980ல தீவிரமான கருத்துக்காரர், எடுபட மாட்டார்னாங்க. 44 மாநிலம். ட்ரம்ப்பைச் சொல்லவே வேண்டாம்

ப்ளேனோ சித்தப்பா: அதுக்காக கண்ணை மூடிக்கிட்டுப் போடச் சொல்றீங்களா?

பாஸ்டன் மாமா: நான் நாளைக்கு வாரனுக்குத்தான். செனட்டுக்கு ரெண்டு தடவை போட்டிருக்கேன். இங்கயே ஜெயிப்பாங்களான்னு தெரியலை, சனிக்கிழமை பாஸ்டன் காமன்ல சாண்டர்ஸ் வந்து பெரிய கூட்டம் போட்டுட்டார். இருந்தாலும் போடுவேன்

ரேவதி: சித்தப்பா, நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு சொல்லுங்க. விஸ்கான்சின்ல முகம் தெரியாத ஒருத்தர் நவம்பர்ல என்ன நினைப்பார்னு டெக்சாஸ்ல உக்காந்து மார்ச்ல நான் யூகிக்கணும். அவரும் டிவியைப் பார்த்து நம்மளை யூகிச்சுக்கிட்டு இருப்பார்

செந்தில்: ஆமா. அதான் அரசியல்

ப்ளேனோ சித்தப்பா: யதார்த்தம் அதுதான். அதோட அங்க இருக்கிற சில பேர் பெண் வேட்பாளர்னா கொஞ்சம் யோசிப்பாங்க

விஜயா சித்தி: யாரு யோசிப்பாங்க?

ப்ளேனோ சித்தப்பா: நான் இல்லை. அங்க இருக்கிறவங்க

விஜயா சித்தி: அங்க இருக்கிறவங்களைக் கேட்டா இங்க இருக்கிறவங்கம்பாங்க

ப்ளேனோ சித்தப்பா: நான்தான் குளோபச்சாருக்குப் போட்டேனே!

விஜயா சித்தி: ரகசியம்னீங்க

ரேவதி: அம்மா வார்டுக்கு நின்னப்பவும் இதேதான். "சரோஜா நல்ல பொம்பளை, பாவம் ஜெயிக்க மாட்டா." டிசம்பர் பூரா ஊர்ல இதே பேச்சு. 11 ஓட்டுல போச்சு. மேலத்தெருவுலயே 11 ஓட்டு இருந்துச்சு

அப்பா: அதை இப்ப எதுக்குக் கிளறுறே

மாலா அத்தை: சீப்பு சின்னம். பாவம் அண்ணி வெயில்ல வீடு வீடா போனாங்க

குமார் சித்தப்பா: 🙏

குமார் சித்தப்பா: _இந்தச் செய்தி நீக்கப்பட்டது_

கார்த்தி: என்ன போட்டீங்க சித்தப்பா

விஜயா சித்தி: நான் படிச்சுட்டேன்

குமார் சித்தப்பா: தப்பா ஒண்ணும் இல்ல அண்ணி. ஜெயிக்கிற பக்கம் நின்னாத்தான் தெருவுக்கு ரோடு வரும்னேன். அன்னைக்கும் அதைத்தான் சொன்னேன், மறைச்சு எதுவும் செய்யலை

அப்பா: ரோடு வந்துச்சா?

குமார் சித்தப்பா: அளந்துட்டுப் போயிருக்காங்க

கார்த்தி: 😶

அப்பா: நாங்களும் பார்த்தோம், டேப்பு பிடிச்சது

மாலா அத்தை: நம்ம அப்பா இருந்திருந்தா சிரிச்சிருப்பார். 71ல தி.மு.க. அலைன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காமராஜர் சொல்லிட்டாருன்னு மாட்டு வண்டி கட்டிக்கிட்டுப் போய் ஸ்தாபன காங்கிரசுக்குப் போட்டுட்டு வந்தார். அப்புறம் ரேடியோவுல தோத்த கணக்கையும் அவரே கேட்டார்

அப்பா: வண்டி இல்லை. சைக்கிள். நான்தான் பின்னாடி உக்காந்து போனேன்

மாலா அத்தை: வண்டி

ப்ளேனோ சித்தப்பா: அண்ணன் சொல்றதுதான் சரி, சைக்கிள்

மாலா அத்தை: நீ அப்ப கைக்குழந்தை

அம்மா: 🎤 குரல் பதிவு 2:14

கார்த்தி: பெரியம்மா என்ன சொல்றாங்க? நான் லைப்ரரியில இருக்கேன், ஹெட்போன் இல்ல

விஜயா சித்தி: யாருக்கு வேணா போடு, பிள்ளைங்களை யார்கிட்டயாவது விட்டுட்டுப் போ, வரிசையில தூக்கிக்கிட்டு நிக்காதேங்கிறாங்க. லைசென்ஸை இப்பவே பைக்குள்ள எடுத்து வைக்கச் சொல்றாங்க

கார்த்தி: அதுக்கா ரெண்டு நிமிஷம்?

விஜயா சித்தி: மிச்சம் குமார் தம்பிக்கு

குமார் சித்தப்பா: கேட்டுட்டேன் அண்ணி 🙏 சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன்

ப்ளேனோ சித்தப்பா: ரேவதி, கடைசி பாகம். போட்டியில இருந்த பீட் புட்டிஜெஜ் நேத்து விலகி இன்னைக்கு பைடனுக்கு ஆதரவு. குளோபச்சார் இன்னைக்கு. நம்ம டெக்சாஸ் பீட்டோ ஓ'ரூர்க்கும் இப்ப பைடன் மேடை ஏறிட்டார். தென் கரோலினாவுல சனிக்கிழமை பைடனுக்குக் கிட்டத்தட்ட பாதி ஓட்டு, அந்த மாநில காங்கிரஸ் உறுப்பினர் கிளைபர்ன் ஒரு வார்த்தை சொன்னார், அலை திரும்பிடுச்சு. இன்னொரு வேட்பாளர் ப்ளூம்பெர்க் கோடி கோடியா கொட்டி டிவி பூரா வர்றார், ஓட்டை அவரும் பிரிப்பார். இந்த நேரத்துல வாரனுக்குப் போடுற ஓட்டு சாண்டர்சுக்குத்தான் லாபம். (3/3)

கார்த்தி: அப்ப அக்கா வாரனுக்கே போடுங்க 😁

ரேவதி: 🙄

பாஸ்டன் மாமா: வாரன் நின்னா பெர்னிக்கு நஷ்டம்னு பெர்னி ஆளுங்க சொல்றாங்க. பைடனுக்கு நஷ்டம்னு நீங்க. ஆளுக்கு ஒரு கணக்கு

ரேவதி: சித்தப்பா, உங்க கணக்கு எல்லாம் புரியுது. நவம்பர்ல யார் நின்னாலும் ட்ரம்புக்கு எதிராத்தான் என் ஓட்டு. அப்ப எனக்கு வேற வழி இல்ல. மனசுல இருக்கிறதைச் சொல்ல இந்த ஒரு நாள்தான் இருக்கு. அதையும் அடுத்தவங்களுக்காகப் போடணுமா?

செந்தில்: ட்ரம்ப் திரும்ப வந்தா உன் டேகேர், என் வேலை, விசா, எல்லாம் பார்த்துக்க

ரேவதி: நீங்க முதல்ல சிட்டிசன் ஆகுங்க

விஜயா சித்தி: 👏

ப்ளேனோ சித்தப்பா: மாப்பிள்ளை சொல்றதுல நியாயம் இருக்கு. நான் சொல்றதைச் சொல்லிட்டேன். அப்புறம் உன் இஷ்டம்

திவ்யா: யாராவது புளியோதரை யார் செய்றதுன்னு சொல்லுங்களேன். சித்ரான்னம் அஞ்சு வகைன்னு அம்மா சொல்லிட்டாங்க, ஆள் மூணு பேர்தான் இருக்கோம்

ரேவதி: தேங்காய் சாதம் நான்

விஜயா சித்தி: அவளுக்குத் தேங்காய் சாதம் எப்பவும் ஜெயிக்கிற கட்சி

3 மார்ச் 2020, செவ்வாய்

கார்த்தி: இங்க கேம்பஸ்ல வரிசை கட்டடத்தைச் சுத்தி வந்து நிக்குது. ஒரு மணி நேரமா நகரவே இல்லை

ப்ளேனோ சித்தப்பா: இதுக்குத்தான் முன்னாடியே போடச் சொன்னேன்

விஜயா சித்தி: ஆமா, குளோபச்சாருக்கு

ரேவதி: நூலக வாசல்ல நிக்கிறேன். இங்க பரவால்ல, எனக்கு முன்னாடி பத்து பேர். 100 அடிக்குள்ள போன் எடுக்கக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்க. ஆஃப் பண்றேன்

அப்பா: நல்லபடியா போட்டுட்டு வாம்மா

ப்ளேனோ சித்தப்பா: ரேவதி ஒரு நிமிஷம். இப்பதான் ஒரு கருத்துக்கணிப்பு பார்த்தேன்

ப்ளேனோ சித்தப்பா: ரேவதி?

விஜயா சித்தி: ஒத்தை டிக்குதான் வருது. விடுங்க

ரேவதி: போட்டாச்சு. ஸ்டிக்கர் கொடுத்தாங்க, சின்னவன் பிடுங்கி நெத்தியில ஒட்டிக்கிட்டான். மேல இருக்கிற பேருக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு, கீழ நீதிபதி நீதிபதியா ஒரு பெரிய பட்டியல் வந்துச்சு பாருங்க, அதுக்குத்தான் முழிச்சேன். இதை ஒருத்தரும் சொல்லலையே சித்தப்பா, மூணு பாகம் எழுதினீங்க

மாலா அத்தை: யாருக்குமா போட்டே?

ரேவதி: 🤐

செந்தில்: என்கிட்டயே சொல்ல மாட்டேங்குறா

பாஸ்டன் மாமா: எங்க மாநிலமும் பைடன்னு சொல்லிட்டாங்க. ஒரு தடவை கூட வந்து கூட்டம் போடலை மனுஷன். வாரன் சொந்த மாநிலத்துலயே மூணாவது. என் ஓட்டை நினைச்சு வருத்தம் இல்ல, அவங்களை நினைச்சா வருத்தமா இருக்கு

கார்த்தி: டெக்சாஸ்ல பெர்னி முன்னிலை!! 🔥

ப்ளேனோ சித்தப்பா: அது முன்கூட்டிப் போட்ட ஓட்டு. இன்னைக்குப் போட்டது இனிமேத்தான் எண்ணுவாங்க. பொறு. பைடன் தாண்டிடுவார்

விஜயா சித்தி: முன்கூட்டிப் போட்டதுல நம்ம ஓட்டும் இருக்கே, அது எங்க வருது?

ப்ளேனோ சித்தப்பா: எண்ணுவாங்க. கணக்குல வராது

அம்மா: 🎤 குரல் பதிவு 0:09

கார்த்தி: இப்ப என்ன?

ரேவதி: குமார் சித்தப்பா வந்து சாப்பிட்டுப் போனாராம். ரோட்டைப் பத்தி ரெண்டு பேரும் பேசிக்கலையாம்

ப்ளேனோ சித்தப்பா: சரி, நவம்பர் பத்தி ஒரு தெளிவு வேணும் இல்லையா. எலெக்டோரல் காலேஜ்னா என்னன்னு எளிமையா எழுதுறேன். மொத்தம் 538 பேர். (1/5)

விஜயா சித்தி: சோறு ஆறிப் போகுது, வாங்க