நம்ம பூதப்பாண்டி ஜீவா ஏன் வண்ணாரப்பேட்டைல நின்னாரு?

கேள்வி: அண்ணாச்சிமாரே, ஒரு சந்தேகம். கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா, அதான் ஜீவானந்தம், 1907ல நம்ம கன்னியாகுமரி பக்கம் பூதப்பாண்டில பொறந்தவரு, ஆனா 1952 எலக்‌ஷன்ல எம்எல்ஏ ஆனது மெட்ராஸ் வண்ணாரப்பேட்டைல. நாஞ்சில் நாட்டுல ஏன் நிக்கல?

பதில் 1: மக்கா, அப்போ நம்ம ஊரு மெட்ராஸ் ஸ்டேட்லயே இல்லடே, திருவிதாங்கூர்-கொச்சில இருந்துது, தமிழ்நாட்டோட சேந்தது 1956 நவம்பர் 1லதான். அதுபோக அவரு சின்ன வயசுலயே ஊர விட்டுப் போயி காங்கிரஸ், சுயமரியாதை இயக்கம்னு சுத்தி கடைசில கம்யூனிஸ்டா ஆனவரு, 1937ல ஜனசக்தி பத்திரிகை ஆரம்பிச்சப்ப அவருதான் ஆசிரியர். வண்ணாரப்பேட்டை தொழிலாளிங்க நெறஞ்ச இடம், அவரு பேச்சக் கேட்டு வளந்த ஜனங்க, அங்க நிக்காம வேற எங்க நிப்பாரு?

பதில் 2: அண்ணன் சொன்னது கரெக்டு. பெத்தவங்க வச்ச பேரு சொரிமுத்து. எம்எல்ஏவா இருந்தும் தாம்பரத்துல குடிசைலதான் குடும்பம் நடத்துனாரு, முதலமைச்சர் காமராஜரே அங்க போயி பாத்துருக்காரு. இப்போ வார்டு கவுன்சிலர் வீட்டப் பாத்தா எனக்கு வயிறு எரியும்.

பதில் 3: பகத்சிங்கோட நாத்திகக் கட்டுரைய தமிழ்ல கொண்டுவந்ததுக்கே ஜெயிலுக்குப் போனவருய்யா! 1963ல போய்ட்டாரு, வயசு 55தான். நாகர்கோவில்ல மணிமண்டபம் இருக்கு, பிள்ளைங்கள ஒருதடவ கூட்டிட்டுப் போங்க.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றி அண்ணாச்சி. ஞாயித்துக்கெழம மவளக் கூட்டிட்டுப் போறேன்.